நல்லா ஜெபிக்கிற பையன்

எங்கள் சபையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. 'நல்லா ஜெபிக்கிற பையன்.' பத்தொன்பது வயதில் அது சின்ன விஷயமில்லை. புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் பெரியவர்கள் ஜெபித்து முடித்ததும் ஐயரம்மா என் பக்கம் திரும்பி, "தம்பி, நீயும் ஒரு வார்த்த ஜெபம் பண்ணிரு" என்பார். நான் ஒரு வார்த்தையோடு நிறுத்தியதே இல்லை.

ஜெபத்துக்கென்று எங்களிடம் தனித் தமிழ் உண்டு. பாளையங்கோட்டைத் தெருவில் 'வாரேன், போறேன்' என்று பேசுகிறவர்கள், கண்ணை மூடியதும் பழைய வேதாகமத் தமிழுக்கு மாறிவிடுவோம். அந்தத் தமிழ் எனக்கு நன்றாக வந்தது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் சுற்றிலும் 'ஆமென்' விழும் என்றும் தெரியும்.

அந்த வருடம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தார். லீவுக்கு என்று சொல்லிக்கொண்டார்கள். ஒருநாள் அவரை பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். வழியில் சொன்னார்: "நான் இனி அங்க போகமாட்டேன்லே. அடிக்கான். அம்மாட்டகூட இன்னும் சொல்லல. நீ யார்ட்டயும் சொல்லிராத."

சொல்லமாட்டேன் என்றேன்.

அடுத்த புதன்கிழமை ஜெபித்தேன். பேர் சொல்லவில்லை. எங்கள் தெருவில் கண்ணீரோடு வந்திருக்கிற ஒரு மகளை நினைத்தருளும், பிரிந்திருக்கிற குடும்பத்தை மறுபடியும் இணைத்தருளும் என்று மன்றாடினேன். ஆமென் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தது. அக்காவின் அம்மா எனக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார்.

டீ வருவதற்குள் 'யாரு அது?' தொடங்கிவிட்டது. அதைக் கேட்பதற்கும் ஒரு பரிசுத்தமான வாக்கியம் வைத்திருக்கிறோம்: "பேர் தெரிஞ்சா பாரத்தோட ஜெபிக்கலாம்லா." ஞாயிற்றுக்கிழமை சபைப் பெரியவர்கள் இரண்டு பேர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். அடுத்த வாரம் அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். என் ஜெபம் கேட்கப்பட்டது. நாலு மாதம் கழித்து அவர் உடைந்த மணிக்கட்டோடு திரும்பி வந்தார்.

நல்ல எண்ணத்தில்தானே ஜெபித்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. போகமாட்டேன் என்று சொன்னவருக்காக, போகவேண்டும் என்று ஏன் ஜெபித்தேன்? அவர் திரும்பிப் போகாமலிருக்க உதவும் என்று கேட்டிருந்தால் அந்த அறையில் ஒரு ஆமென்கூட விழுந்திருக்காது. அதுதான் காரணம். அவர் கண்ணீர் ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும். நான் சொன்னது பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறார். அதை வைத்து வாலிபர் கூட்டத்தில் பிரசங்கமே செய்து பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

பிற்பாடு அகஸ்டினின் 'கன்ஃபெஷன்ஸ்' படித்தேன். 4ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில், வட ஆப்பிரிக்காவில் பிஷப்பாக இருந்தபோது எழுதியது. புத்தகம் முழுக்க கடவுளிடம் பேசுகிறார், நாம் ஒட்டுக்கேட்கிறோம். அது அவருக்கும் உறுத்தியிருக்கிறது. 10ஆம் பாகத்தில், என் பாவ அறிக்கையை மனிதர்கள் எதற்காகக் கேட்கவேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். புகழாசை பற்றியும் அங்கேதான் பேசுகிறார். வீண்புகழை வெறுக்கிறேன் என்பதிலேயே ஒருவன் வீண்பெருமை கொள்ளமுடியும் என்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கொஞ்ச நாள் திறக்கவில்லை.

இன்னொன்று, இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்'. திருத்திக்கொள்ள நினைக்கிற ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளவேண்டும். மத்தியானமும் ராத்திரியும் யோசித்து, அதில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. நேற்றைய கோட்டையும் இன்றைய கோட்டையும் ஒப்பிடவேண்டும். கணக்குப்பிள்ளை வேலைதான். நான் எடுத்துக்கொண்ட குறை, இல்லாத ஆளைப் பற்றிப் பேசுவது. முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே ஒன்பது புள்ளி. அதில் நாலு, 'ஜெபத்துல வெச்சுக்கோங்க' என்று முடிந்தவை. மூன்றாவது வாரம் புள்ளிகள் குறைந்தன. உடனே ஒரு நண்பனுக்கு போன் போட்டு அதைச் சொன்னேன். அகஸ்டின் சொன்னது சரிதான்.

போன வருடம் அக்காவைப் பார்க்கப் போனேன். இப்போது தனியாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார். மன்னிப்பு கேட்கத்தான் போயிருந்தேன். "அக்கா, ஆண்டவர் என்ன உணர்த்தினார், அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆண்டவர் இருக்கட்டும்லே. நீ சொல்லு."

எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் தீர்ந்துபோனது. வெகுநேரம் கழித்து, "எல்லார் முன்னாடியும் நல்லா ஜெபிக்கணும்னு ஆசப்பட்டேன்க்கா. அதுக்கு உங்க விஷயம் கெடச்சுது" என்றேன். ஜெபங்கள் உட்பட, அவ்வளவு நேராக நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது, எழுந்து போனார். காபி கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். மன்னித்துவிட்டேன் என்று அன்றும் சொல்லவில்லை, இதுவரைக்கும் சொல்லவில்லை. கேட்டு வாங்குகிற பொருளில்லை அது.

இதை எழுதுவதிலும் அந்தப் பழைய பையன் இருக்கிறான். 'எவ்வளவு நேர்மையா எழுதியிருக்கான்' என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். அவனைத் துரத்த எனக்கு வழி தெரியவில்லை. என்னால் முடிந்தது, அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு இரண்டு வரியை எடுக்கச் சொன்னார். இந்தக் கட்டுரையிலேயே நன்றாக வந்திருந்த வரிகள் அவை.

எடுத்துவிட்டேன்.