பொழுதோட நெறம்

மூணாங்கிளாசில் சூரியனை வரையச் சொன்னார்கள். என்னிடம் கலர் பென்சில் கிடையாது. கறுப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, சுற்றிலும் கோடு இழுத்து, நடுவில் ஒன்றும் பூசாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "ஏன்டி, உங்க தெருவுல மட்டும் சூரியன் வெள்ளையா உதிக்குதோ?" எல்லாரும் சிரித்தார்கள். 'உங்க தெரு' என்றால் எந்தத் தெரு என்று அந்த வயசிலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்தில் இருப்பவனிடம் மஞ்சள் பென்சில் வாங்கிப் பூசச் சொன்னார். அவன் தரவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். நடவு முடிந்து வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தது. "அந்த டீச்சரம்மா என்னைக்குத்தா உச்சிப்பொழுதுல வயல்ல நின்னுச்சு? தண்ணிக்குள்ள பாத்தா வெள்ளைவெளேர்னு கண்ணைக் குத்தும். மஞ்ச வெயிலெல்லாம் பொழுது சாயிறப்பத்தான். அது வந்துட்டா நாங்க கரையேறிருவோம்ல."

எங்கள் பக்கம் சூரியனைப் பொழுது என்றுதான் சொல்வோம். மஞ்ச வெயில் என்றால் வேலை விடும் நேரம். காலையில் 'வெள்ளன எந்திரி' என்று எழுப்புவார்கள். கிழக்கு வெளுக்கிறபோது என்று அர்த்தம். எம்.ஏ. தமிழ் படிக்கப் போனபிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம் செங்கதிர், செஞ்சுடர், செஞ்ஞாயிறு. சூரியனுக்குச் செம்மை, நிலாவுக்கு வெண்மை என்று பங்கு பிரித்துவிட்டார்கள். இயக்கத்துக்கு வந்தபிறகு எங்கள் பங்குக்கு நாங்களும் சிவப்புச் சூரியன் என்று மேடைக்கு மேடை கவிதை வாசித்தோம். என் பேரிலும் இரண்டு இருக்கிறது. இப்போது எடுத்துப் படிக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தெரு மாலைப் பள்ளியில் ஒரு பையன் கேட்டான்: "அக்கா, சூரியன் நெசமாவே என்ன கலரு?" பதில் சொல்ல வாயெடுத்தால் அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, ஒரு வாரம் படித்தேன்.

சூரியன் வெள்ளைதான்.

அதன் மேற்பரப்பின் சூடு ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் ஊதாவிலிருந்து சிவப்பு வரை கண்ணுக்குத் தெரிகிற எல்லா ஒளியும் வெளியே வருகிறது. பச்சையும் நீலமும் சேர்கிற இடத்தில் கொஞ்சம் தூக்கல். நம் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் மூன்று வகை. மூன்றையும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தூண்டுகிற வெளிச்சத்தை வெள்ளை என்கிறோம். அந்த வெள்ளைக்குள் எல்லா நிறமும் இருப்பதை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்துக் காட்டி நியூட்டன் 1672-ல் வெளியிட்டார். காற்றைத் தாண்டி விண்வெளிக்குப் போனவர்கள் பார்த்ததும் வெள்ளைச் சூரியனைத்தான்.

மஞ்சள் நம் காற்று செய்கிற வேலை. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை நாலைந்து மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. சிதறிய நீலம் வானத்துக்குப் போகிறது, மிச்சம்தான் நேரே வருகிறது. தலைக்கு மேலே நிற்கும்போது கடப்பதைப்போல 38 மடங்கு காற்றைக் கடந்துதான் அடிவானத்துச் சூரியன் நம்மிடம் வந்து சேர்கிறது. அதனால் முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு. கண் கூசாமல் பார்க்க முடிகிற சூரியனும் அது ஒன்றுதான். உச்சிச் சூரியனை நேரே பார்த்தால் கண் கெட்டுப்போகும் என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க முடிந்த நேரத்து நிறத்தையே அதற்கு நாள் முழுக்கப் பூசிவிட்டார்கள். ஜப்பானில் பிள்ளைகள் சிவப்புப் பூசுகிறார்கள், மற்ற பல நாடுகளில் மஞ்சள். வானியல்காரர்களும் சூரியனை 'மஞ்சள் குள்ளன்' வகையில்தான் வைத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் கிளம்பிய ஆதித்யா-எல்1 அனுப்பிய படங்களைப் பையன்கள் போனில் காட்டினார்கள். அவை கண்ணுக்கே தெரியாத புறஊதா ஒளியில் எடுத்தவை. நிறம் பிறகு கொடுத்தது.

நிலா சங்கதிதான் எனக்கு அதிகம் பிடித்தது. அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரியன் வெளிச்சம்தான் பட்டுத் திரும்புகிறது. அதுவும் விழுவதில் ஏறத்தாழ 12 விழுக்காடுதான். பழைய தார் ரோட்டைப்போலக் கறுத்த கல் அது. கறுப்பாக இருக்கிறதை வெண்ணிலா என்றும், அதற்கு வெள்ளை வெளிச்சம் கொடுக்கிறதைச் செங்கதிர் என்றும் பாடியிருக்கிறோம்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப மஞ்சக் கலர் அடிச்சா மார்க் போடுவாங்களா, வெள்ளையா விட்டா போடுவாங்களா?" என்றான். மஞ்சள்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அம்மாவுக்குப் போன கார்த்திகையில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். வயசு ஒரு காரணம், இத்தனை வருஷம் வெயிலில் நின்றதும் ஒரு காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். கண்ணுக்குள் இருக்கிற வில்லை வருஷக்கணக்கில் மெல்ல மஞ்சளாகி நீலத்தை உள்ளே விடாமல் தடுத்துவிடுமாம். அது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எந்த வெளிச்சம் பழகுகிறதோ அதையே வெள்ளை என்று கண் எடுத்துக்கொள்ளும். கட்டு அவிழ்த்த அன்று அம்மா ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தது. ஒரு கண்ணைப் பொத்தியது, எடுத்தது, மறு கண்ணைப் பொத்தியது. வீட்டுக்கு வந்தும் வாசலில் நின்று அதையே செய்துகொண்டிருந்தது. "ஏத்தா, இந்தக் கண்ணுல பாத்தா மஞ்சளா அழுக்காத் தெரியுது. இந்தக் கண்ணுல வெள்ளையா இருக்கு, வானம் என்னமா நீலமா இருக்கு! இம்புட்டு நாளும் நான் எதைப் பாத்தேன்?"

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெள்ளை என்று சொன்ன கண் அது. எந்த வருஷத்திலிருந்து மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது என்று கேட்டேன். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இடது கண்ணுக்குத் தை பிறந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். "அறுப்பு முடியட்டும்" என்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினால் எல்லாரும் சிரிப்பார்களாம். முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறது.