பன்னிரண்டு கிலோமீட்டர் யாத்திரை

காசிக்கும் பதரிக்கும் சென்று வந்தவர்கள் யாத்திரைக் கட்டுரை எழுதுவது வழக்கம். நாம் எழுதப் புகுந்திருப்பதோ ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்ற யாத்திரையைப் பற்றி. தூரம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். "இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று நேயர்கள் முகம் சுளிக்கலாம். உத்தியோக நிமித்தம் பல வருஷங்களாக இச்சாலையில் மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருக்கும் நமக்கு, ஒரு தினம் இதில் ஏற்பட்ட அநுபவம் காசி யாத்திரையிலும் பெரிதாகவே தோன்றுகிறது.

ராஜபாளையம் பஞ்சினால் வாழும் ஊர். ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். பின்னர் ஊரைச் சுற்றி எத்தனையோ நூற்பாலைகள் எழுந்தன. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் பிரதம மந்திரியாக விளங்கிய ஸ்ரீ பி. எஸ். குமாரசாமி ராஜா பிறந்ததும் இங்கேதான். தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்ட மகான் அவர். ராஜபாளையத்து வேட்டை நாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2005-ல் அதன் உருவம் தபால் தலையிலேயே ஏறிவிட்டது.

ஊர் எல்லையைக் கடந்ததும் இடது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நம்முடன் கூடவே வருகிறது. மலையின் ஒரு பகுதி 1988 முதல் சாம்பல் நிற மலை அணில்களுக்குச் சரணாலயமாக இருந்தது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. காலை வெயிலில் அம்மலையைப் பார்த்துக்கொண்டே செல்வதைப் போன்ற ஆனந்தம் வேறில்லை. ஆனால் மலையைப் பார்ப்பவன் சாலையையும் பார்க்கவேண்டும். சாலையைப் பார்ப்பவன் வண்டியையும் பார்த்திருக்கவேண்டும். நாம் பார்க்கவில்லை.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் செல்வர்களின் வாகனமாயிருந்த காலம் ஒன்று உண்டு. 1956-ல் சென்னைத் திருவொற்றியூரில் 'புல்லட்' வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியபோது, அவற்றின் 'டப் டப்' சப்தம் தெருவில் கேட்டாலே குழந்தைகள் வாசலுக்கு ஓடி வருவார்களாம். 1980-க்குப் பிறகு ஓசூரிலிருந்து மொபெட்டுகள் வந்தன. பின்னர் நூறு ஸி.ஸி. வண்டிகள் வந்தன. இப்பொழுது நம் தெருவில் வண்டியில்லாத வீடு அபூர்வம். வாங்கிய தினத்தில் மாலை சாத்திச் சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்குகிறோம். பிறகு அடுத்த ஆயுத பூஜை வரையில் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மாட்டு வண்டிக்காரர் அப்படியல்ல. வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த வண்டி மையை அச்சில் தடவாமலும், கடையாணியைத் தொட்டுப் பார்க்காமலும் அவர் வண்டியைப் பூட்ட மாட்டார்.

2023-ஆம் வருஷம் ஆடிப்பூர உற்சவ நாட்களில் ஒரு மாலை. ஆண்டாளைத் தரிசிக்க வேண்டுமென்று நம் சகதர்மிணி பிரியப்பட்டாள். அதற்குச் சில தினங்கள் முன்பே வண்டியின் சங்கிலி 'சளக் சளக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. பட்டதாரியாகிய நமக்கு இதற்கொரு மெக்கானிக் எதற்கு என்று தோன்றவே, ஞாயிற்றுக்கிழமையில் சட்டையைக் கழற்றிவிட்டு நாமே உட்கார்ந்தோம். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி மாட்டி, பின் சக்கரத்தைப் பின்னால் தள்ளித் தம்பூராத் தந்தியைப் போல் முறுக்கேற்றினோம். விரலால் தட்டினால் நாதம் வந்தது. நமக்கு உண்டான கர்வம் கொஞ்சமல்ல!

இருவரும் தலைக்கவசம் அணிந்து புறப்பட்டோம். பாதி வழி தாண்டியிருக்கும். திடீரென்று 'படார்' என்றொரு சப்தம். எஞ்சின் வெறி பிடித்ததுபோல் அலறிற்று. வண்டியோ வேகம் குறைந்துகொண்டே போயிற்று. பின்னால் வந்த லாரியின் ஹாரன் காதைத் துளைத்தது. எப்படியோ ஓரமாக ஒடித்துப் புழுதியில் இறக்கினோம். லாரி காற்றை வாரி அடித்துக்கொண்டு கடந்தது. நம் தோளைப் பற்றியிருந்த கை வெகுநேரம் பிடியைத் தளர்த்தவில்லை. சாலையில் பதினைந்து அடிக்கு அப்பால் கருநாகம்போல் சங்கிலி கிடந்தது. அறுந்த சங்கிலி சாலையில் விழாமல் சக்கரத்தில் சுற்றியிருந்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும். நம்முடைய கதையை வேறொருவர்தான் எழுத நேர்ந்திருக்கும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்று, வழியோரத்திலிருந்த ஒரு பட்டறையை அடைந்தோம். வயதான மெக்கானிக் ஒருவர் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தார். நாம் பொறுக்கி வந்த சங்கிலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, இந்தப் பூட்டை மாட்டினது யாரு?"

நாமேதான் என்று ஒப்புக்கொண்டோம்.

"மீன் எந்தப் பக்கம் தலையை வச்சு நீந்தும்?"

பதில் சொல்லத் தெரியாத மாணவனைப் போல் விழித்தோம். அவர் புதியதொரு பூட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் அந்தச் சிறு தகடு உண்மையில் மீன் வடிவமாகத்தான் இருக்கிறது. அதன் மூடிய முனை தலை. பிளந்த முனை வால். சங்கிலி ஓடும் திசையில் தலை முன்னே போகவேண்டும். நாம் வாலை முன்னே வைத்திருந்தோம். பிளந்த முனை எதன்மேலோ உரசிக் கழன்றுவிட்டது.

அத்துடன் விடவில்லை. முறுக்கேற்றியதும் தப்பாம். பின் சக்கரத்தைத் தாங்கும் கை மேலும் கீழும் அசைவது. வண்டியில் பாரம் ஏறியதும் முன் பற்சக்கரத்துக்கும் பின் பற்சக்கரத்துக்கும் இடையேயுள்ள தூரம் சற்று அதிகமாகிறது. ஆகையால் நிறுத்தி வைத்த நிலையில் அளவாக இருக்கும் சங்கிலிகூட ஆள் ஏறினால் இறுகிவிடும். தம்பூராத் தந்தியாக்கி வைத்தால் இருவர் பாரத்தில் அதற்கு என்ன கதியாகும்? கீழ்ப்பக்கத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் சுமார் ஓர் அங்குலம் ஆடவேண்டும். நம் வண்டியின் கையேட்டிலும் அப்படியே இருந்ததைப் பிற்பாடு கண்டோம். கையேடு அத்தனை வருஷமும் பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது!

இன்னொரு குற்றமும் வெளிப்பட்டது. சக்கரத்தைப் பின்னே தள்ளினால் பின் பிரேக்கின் கம்பியும் இழுபடும். அதன் திருகைத் தளர்த்த நாம் மறந்துவிட்டோம். வழியெல்லாம் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. சக்கரத்தின் நடுப்பாகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அடுப்பில் வைத்த தோசைக்கல்லாய்க் கொதித்தது.

அவர் பணி செய்யும்போது நமக்கு நகரா மண்டபங்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு நைவேத்யம் ஆனதென்ற செய்தியை மண்டபத்துக்கு மண்டபம் முரசறைந்து மதுரைக்கு அனுப்புவார்களாம். அது கேட்ட பிறகே திருமலை நாயக்கர் உணவு கொள்வாராம். செவி வழிச் செய்திதான். நடுவில் ஒரே ஒரு முரசுக்காரன் தூங்கிவிட்டால் மகாராஜா பட்டினி! சங்கிலியில் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள். நாம் பட்டினி போட்டது ஒன்றை.

அன்று முதல் சனிக்கிழமை மாலை வண்டிக்கென்று ஒதுக்கப்பட்டது. தினம் போக வர 24 கிலோமீட்டர். 21 வேலை நாட்களில் 500 கடந்துவிடும். அந்தக் கணக்கில் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுகிறோம். ஐப்பசி கார்த்திகை மழையில் சேறு ஏறினால் கணக்குப் பார்ப்பதில்லை, உடனே செய்கிறோம். டயரின் காற்றை வாரம் ஒரு முறை, ஓடிச் சூடேறுமுன் பார்க்கிறோம். பின்னால் ஆள் ஏறும் தினத்தில் பின் டயருக்குச் சற்று அதிகம் வேண்டும். எஞ்சின் எண்ணெயைப் பார்க்க வண்டியை நேராக நிறுத்தவேண்டும். சாய்த்து நிறுத்திப் பார்த்து, "எண்ணெய் குறைந்துவிட்டதே" என்று ஊற்றிக்கொண்டிருந்த நண்பர் ஒருவரை நாம் அறிவோம். காற்று வடிகட்டி காகிதமாயிருந்தால் அதை நீரில் அலசக்கூடாது. தட்டித் தூசி போக்கலாம், இல்லையேல் மாற்றவேண்டும். 2020 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை மின்சாதனம் அளந்து தெளிக்கிறது. அந்த இடத்தில் நாம் கை வைப்பதில்லை. மீனைத் திருப்பி மாட்டியவனுக்கு அவ்வளவு துணிச்சல் ஆகாது.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பதினொரு நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரம் தீப ஒளியில் மின்னிற்று. ஜனக்கூட்டத்தில் நெருங்கித் தரிசனம் செய்தோம். திரும்பி வருகையில், தேருக்குப் பக்கத்தில் சற்று நின்று அதன் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். சகதர்மிணி ஒன்றும் பேசவில்லை. மௌனத்தைக் கலைப்பதற்காகப் பால்கோவா வாங்கிக் கொடுத்தோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. ஆயினும் அன்று அதற்கும் முழு வெற்றி கிட்டவில்லை.

வீடு திரும்பப் பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றாள். மெக்கானிக் சரிசெய்து தந்திருப்பதை எடுத்துச் சொன்னோம். பையிலிருந்த கைவிளக்கை எடுத்து நம்மிடம் நீட்டினாள். நாம் தெருவிலேயே மண்டியிட்டு, விளக்கொளியில் சக்கரத்தை மெல்லச் சுழற்றிப் பூட்டைத் தேடிக் காட்டினோம். மீனின் தலை முன்னே இருந்தது. அதன் பிறகே ஏறி உட்கார்ந்தாள்.