பேதி மருந்தும் பேத்தி கல்யாணமும்

இந்த வாரம் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, 'எழுபத்தைந்து வயதில் இந்த அம்மாவுக்கு மேக்கப் ஒரு கேடா?' என்று யாராவது நினைத்தால் தவறில்லை. எனக்கே முதலில் அப்படித்தான் தோன்றியது.

போன வருஷம் மே மாதம் என் பேத்திக்குக் கல்யாணம். புதுச்சேரியில் கத்திரி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். அவளுக்கு எண்ணெய் வடியும் முகம். என்னிடமிருந்து என் மகளுக்கும், மகளிடமிருந்து அவளுக்கும் வந்த சொத்து அது. மேக்கப் போடும் பெண் ஒத்திகை பார்க்க வந்த அன்று, ஒரு மணி நேரத்துக்குள் மூக்கின் இரண்டு பக்கமும் பவுண்டேஷன் திட்டுத் திட்டாகப் பிரிந்துவிட்டது. அந்தப் பெண் போனதும் பேத்தி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, டிஷ்யூவால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஆனால் அந்தத் துடைப்பு எனக்குத் தெரியும். ஐம்பது வருஷம் நான் துடைத்த துடைப்பு அது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருஷமே முகத்தில் எண்ணெய் ஆரம்பித்துவிட்டது. டிக்டே எழுதக் குனிந்தால் நெற்றி மின்னும். மதாம் ஒன்றும் சொல்ல மாட்டார், தன் கைக்குட்டையை எடுத்து நீட்டுவார். அது திட்டுவதைவிட மோசம். அம்மா பயத்தமாவு, கடலைமாவு, முல்தானி மட்டி என்று மாற்றி மாற்றிப் பூசினாள். கழுவிய அரை மணி நேரம் முகம் வறவற என்று இருக்கும், பிறகு பழையபடி.

1971-ல் இளநிலை எழுத்தராக அரசு வேலையில் சேர்ந்தேன். பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் நோட் போட நான் பட்ட பாடு தனிக் கதை. அதற்கு நடுவில் பக்கத்து மேஜைக்காரர், "உங்க முகத்துல அப்பளம் பொரிக்கலாம்மா" என்று ஒருநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஆபீசில் யார் கேமராவை எடுத்தாலும் எனக்கு எங்காவது அவசர வேலை வந்துவிடும்.

சரி, பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து அவள், "ஆயா, மில்க் ஆஃப் மெக்னீசியாவை முகத்துல தடவிட்டு அது மேல மேக்கப் போட்டா எண்ணெய் வராதாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது பேதி மருந்து! சின்ன வயதில் எங்கள் வீட்டு அலமாரியில் நீலக் கண்ணாடிப் புட்டியில் இருக்கும். அப்பா பிரெஞ்சில் 'லே த மன்யேஸி' என்பார், மெக்னீசியப் பால். மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கொடுப்பார்கள். மெக்னீசியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கலக்கிய வெள்ளைக் குழம்புதான் அது. அமெரிக்காவில் சார்லஸ் பிலிப்ஸ் என்ற மருந்துக்காரர் 1873-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதில் உள்ள நுண்ணிய வெள்ளைத் தூள் காய்ந்ததும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் என்பதுதான் மேக்கப் போடுகிறவர்கள் கண்ட உபாயம்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் முகத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? "முதல்ல என் முகத்துல போட்டுப் பார்க்கலாம், எனக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்கல" என்றேன்.

மருந்துக் கடையில் கேட்டு ஒரு புட்டி வாங்கி வந்தேன். பேத்தி லேபிளைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அதில் மெக்னீசியப் பாலோடு லிக்விட் பாரஃபினும் சேர்ந்திருந்தது. அதுவும் மலச்சிக்கலுக்குத்தான், ஆனால் அது எண்ணெய்! எண்ணெயை நிறுத்த எண்ணெயை வாங்கி வந்த கிழவி நானாகத்தான் இருப்பேன். திரும்பப் போய், வேறு எதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்கினேன்.

முதல் நாள் தாராளமாகப் பூசினேன். காய்ந்ததும் விபூதி அப்பியது போல ஆகிவிட்டது. நம் மாநிறத்தில் அந்த வெள்ளை அப்படியே தெரிகிறது. மேலே பவுடர் போட்டால் பொடிப் பொடியாக உதிர்கிறது. மறுநாள் புட்டியை நன்றாகக் குலுக்கி, பஞ்சில் நாலு சொட்டு விட்டு, மெல்லிசாக ஒற்றியெடுத்தேன். காய்ந்ததும் முகம் பட்டுப்போல இருந்தது. சாயங்காலம் வரை பளபளப்பே இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் இது தெரியாமல் போயிற்றே என்று ஆற்றாமையாகக்கூட இருந்தது. தினமும் பூச ஆரம்பித்தேன்.

ஆறாம் நாள் கன்னம் அரித்தது. ஏழாம் நாள் மூக்கோரம் தோல் உரிந்தது. தோல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண், பொறுமையாக விளக்கினார். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். அளவில் 5 சுமாருக்கு இருக்கும். இந்த மருந்தோ 10-க்கு மேல், நல்ல காரம். வயிற்றில் அமிலத்தை அடக்கும் அதே குணம், தோலில் அதன் காப்பையே குலைத்துவிடும். தினம் தினம் பூசினால் வறட்சி, அரிப்பு, எரிச்சல் எல்லாம் வரத்தான் செய்யும்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை வாயடைக்க வைத்தது. "அம்மா, மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு முகத்தில் எண்ணெய் சுரப்பது தானாகவே குறைந்துவிடும். உங்கள் முகத்தில் இப்போது அடக்குவதற்கே பெரிசா ஒன்றும் இல்லை. உங்களுக்குச் சரியாக இருந்தது என்பதற்காக அவங்களுக்கும் சரியாக இருக்கும்னு சொல்ல முடியாது."

என் நெற்றி எப்போதோ அடங்கிவிட்டிருக்கிறது. நான்தான் கவனிக்காமல் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு மட்டும் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். முன்னதாகத் தாடைக்கு அடியில் கொஞ்சம் தடவிச் சில நாள் பாருங்கள், சிவக்காமல் அரிக்காமல் இருந்தால் அந்த ஒரு நாள் மெல்லிசாகப் போடலாம், தினசரிக்கு வேண்டாம் என்றார். அன்றாடத்துக்கு, காரமில்லாத ஃபேஸ் வாஷால் இரண்டு வேளை கழுவினால் போதும், அடிக்கடி தேய்த்துக் கழுவுவதால் எண்ணெய் நிற்காது, தோல்தான் புண்ணாகும் என்றும் சொன்னார்.

அப்படியே செய்தோம். தாடையில் ஒன்றும் ஆகவில்லை. வரவேற்பு அன்று நெற்றி, மூக்கு, முகவாய் மூன்று இடத்தில் மட்டும் ஒற்றி, காய்ந்த பிறகு மேக்கப் போட்டார்கள். இரண்டரை மணி நேரம் அசையாமல் நின்றது. அதற்கப்புறம் மூக்கு நுனியில் லேசாக மினுங்க ஆரம்பித்தது. அவள் டிஷ்யூவால் ஒரு ஒற்று ஒற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். இரவு மேக்கப்பைக் கலைத்ததும் தோல் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது, க்ரீம் தடவியதும் சரியாகிவிட்டது.

இவ்வளவு பாடு எதற்கு என்று என் மகளே கேட்டாள். அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். 2016-ல் என் கணவர் தவறினார். பதினாறாம் நாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் படம் தேடினார்கள். பெட்டியெல்லாம் கவிழ்த்தும் கிடைத்தது ஒன்றுதான், 1975-ல் எடுத்த கல்யாணப் படம். ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டு என் நெற்றி வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். நான் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, கையில் கைக்குட்டையோடு இருப்பேன். நாற்பத்தொரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். அவர் எத்தனை தடவை "வந்து நில்லு" என்று கூப்பிட்டிருப்பார்! அவருடைய பணி ஓய்வு விழாவில்கூட, எல்லோருக்கும் காபி வந்ததா பார்க்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

அதனால்தான் பேத்தி அந்த மேடையில் முகத்தைத் திருப்பாமல் நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

போட்டோகிராபர் என்னையும் கூப்பிட்டார். பழக்க தோஷம், கை தானாக இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டைக்குப் போயிற்று. பேத்தி அதைப் பிடுங்கித் தன் தோழியிடம் கொடுத்துவிட்டு, "ஆயா, நேரா பாரு" என்றாள். பார்த்தேன். அந்தப் படத்தில் என் நெற்றியில் வேர்வை, அவள் மூக்கில் மினுமினுப்பு, இரண்டும் தெரிகின்றன. 1975-ம் வருஷப் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருக்கிறேன்.

மருந்துப் புட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. இனி அது நெஞ்செரிச்சலுக்கு மட்டும்.