மண் குடிக்கும் என்றொரு நம்பிக்கை

எட்டயபுரத்துக்காரர்களுக்குத் தேர்வு என்றதும் நினைவுக்கு வருவது அரண்மனைச் சபைதான். பதினொரு வயதுச் சிறுவன் சுப்பிரமணியன் அந்த அவையில் புலவர்களால் சோதிக்கப்பட்டு 'பாரதி' என்ற பட்டம் பெற்ற கதையை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வது அக்காலத்துத் தேர்வுமுறை. அச்சிறுவனின் தந்தை சின்னசாமி ஐயருக்கு நேர்ந்த சோதனையை மட்டும் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கணிதத்திலும் இயந்திரங்களிலும் மனம் தோய்ந்திருந்த அவர் இந்தக் கரிசல் ஊரில் பருத்தி ஆலை தொடங்கினார்; அது நொடித்தது; 1898இல் இறந்தும் போனார். சொல்லை அறிந்தவனுக்குப் பட்டமும் கருவியை அறிந்தவனுக்குக் கடனும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

இவ்விரண்டு அறிவும் ஒருசேரச் சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்துகொண்டேன். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்பது அதன் பெயர். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழுக்காக அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடப்பது. நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு விரல் உயரத்துக்கு அறிவிப்பு வரும். வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதுக்கு உச்சவரம்பு கிடையாது. தேறினால் 'எச்' சான்றிதழ். அதற்கு மேல் வயர்மேனுக்கு 'பி', மேற்பார்வையாளருக்கு 'சி' என்று படிகள்.

உச்சவரம்பு கிடையாது என்ற அந்த ஒரு வரிதான் 52 வயதில் எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அண்ணாச்சியை வழிகாட்டிப் புத்தகமும் கையுமாக என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது.

"செய்யச் சொன்னா செஞ்சு காட்டிருவேன் சார். சொல்லச் சொல்லுதாங்க பாருங்க, அதுதான் வரமாட்டேங்கு."

முப்பத்தைந்து ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறவர். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் சுவர்களுக்குள் ஓடும் கம்பிகள் அவர் இழுத்தவை. தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்துக் கம்பி ஓட்டிய காலத்தில் கைவேலை தொடங்கி, பிளாஸ்டிக் பட்டைக் காலத்தைக் கடந்து, சுவரில் காடி எடுத்துக் குழாய் புதைக்கும் காலத்துக்கு வந்து சேர்ந்தவர். இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்கு இந்தச் சான்றிதழ் என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத் தானாகச் சொன்னார். அவரோடு தொழில் பழகிய ஒருவர், பக்கத்து ஊரில் ஒரு வீட்டு வேலையில் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். குடும்பம் நிவாரணம் கேட்டு அலைந்தபோது, இறந்தவர் எலக்ட்ரீசியன்தான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. "இருவத்தஞ்சு வருசம் எலக்ட்ரீசியன்னு கூப்பிட்டாங்க சார். செத்த அன்னைக்கு அவன் யாருமில்லாம ஆயிட்டான்."

சட்டம் புதியதன்று. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே வயரிங் வேலை எடுக்க வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் அதை மேற்பார்க்க வேண்டும் என்றது. 2010இலும் 2023இலும் மத்திய மின்சார ஆணையம் விதிமுறைகளைத் திருத்தி எழுதியபோதும் இந்தக் கருத்து தொடர்ந்தது. நடைமுறையில் ஊர்ப்புறத்தில் வேலை செய்யும் கை ஒன்று, அறிக்கையில் கையெழுத்திடும் கை வேறொன்று. கையெழுத்திடுகிறவர் அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. எனவே அண்ணாச்சியின் பதற்றத்தை நியாயம் என்றே எடுத்துக்கொண்டு, தினமும் மாலையில் ஒரு மணி நேரம் புத்தகத்தைப் படித்துக் கேள்வி கேட்பதென்று ஒப்புக்கொண்டேன்.

முதல் வாரம் முழுதும் சொற்களோடுதான் மல்லுக்கட்டினோம். புத்தகத்தில் மின்கடத்தி, மின்காப்பு, உருகி, புவி இணைப்பு. அண்ணாச்சிக்கு வயர், இன்சுலேசன், பீஸ், எர்த். 'உருகி' என்றால் என்ன என்று கேட்டபோது சற்று யோசித்து, "நெய்யா சார்?" என்றார். பீஸ் கட்டையில் கம்பி சுற்றுவதை ஆயிரம் முறை செய்தவர் அவர்! அதே நேரம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'உருகி' என்ற சொல்லின் பொருளை விளக்கியவுடன், தாமிரக் கம்பியைத் தடிப்பாகச் சுற்றக் கூடாது என்பதற்கான காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்று அவரே கண்டுகொண்டார். உருக வேண்டியது உருகாமல் இருந்தால் அது உருகி அன்று. 'பீஸ்' என்ற சொல் இதை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. 'மெம்பர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கழித்து, எதுவும் மனத்துக்குப் பொருந்தாமல் பாரதி 'மெம்பர்' என்றே எழுதிவிட்டு, அந்தச் சங்கடத்தையும் கட்டுரையில் பதிவு செய்தார். தனித்தமிழ் ஆர்வலர்களுக்கு அது பிடிக்காது. எனக்கு அவரது சங்கடம்தான் பிடிக்கும்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வேறு வழியில் போயிருக்கிறார்கள். அங்கே ஃபேஸ் என்பது உயிர்க்கம்பி. நியூட்ரல் என்பது நொதுமல் கம்பி. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அகத்திணை படித்தவர்களுக்கு 'நொதுமலர் வரைவு' தெரிந்திருக்கும். தலைவியைப் பெண் கேட்டு வரும் அயலார் நொதுமலர். உறவும் பகையும் அற்ற அந்த அயன்மையை எடுத்து, மின்னழுத்தம் இல்லாத கம்பிக்குச் சூட்டிய புண்ணியவான் யாரோ! ஆனால் அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் சிரித்தது உயிர்க்கம்பிக்குத்தான். "உசிரை எடுக்கிற கம்பிக்கு உயிர்க்கம்பின்னு பேரா சார்?" நொதுமல் கம்பியைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. நியூட்ரல் அயலான் மாதிரி பேசாமல் இருக்கும் என்று நம்பக் கூடாதாம். சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரலில் மாட்டிவிட்டால் விளக்கு அணையும்; ஆனால் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்றக் கை வைத்தவன் கதை முடிந்தது. நியூட்ரலில் தனியாக ஃப்யூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது என்பது 1956 விதிகளிலேயே உள்ள தடை. அண்ணாச்சிக்கு விதி எண் தெரியாது. டெஸ்டரால் தொட்டுப் பார்க்காமல் எந்தச் சுவிட்சையும் மூடுவதில்லை.

இப்படி ஒவ்வொன்றாகக் கடந்து வரும்போது, கையறிவு முழுமையானது, தேர்வு வெறும் சொல் சடங்கு என்ற முடிவுக்கு நான் வந்துகொண்டிருந்தேன். ஏட்டுச்சுரைக்காய் என்ற பழமொழியைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அந்த முடிவு சுலபமாகக் கைக்கு எட்டும். எர்த் பற்றிய கேள்வி அதைக் கலைத்துப் போட்டது.

புவி இணைப்பின் நோக்கம் யாது? அண்ணாச்சி தயங்கவே இல்லை. "கிரைண்டர் பாடியில கரண்ட் எறங்கிட்டா எர்த் வயர் வழியா மண்ணுக்குப் போயிரும். மண்ணு குடிச்சிரும். நமக்கு ஷாக் அடிக்காது."

எவ்வளவு அழகான விடை! நானும் அப்படித்தான் நம்பியிருந்திருப்பேன், யாரேனும் கேட்டிருந்தால். புத்தகத்தில் இருந்த விடை வேறு. மின்சாரம் மண்ணில் மறைவதில்லை. தெருமுனை டிரான்ஸ்பார்மரின் நடுப்புள்ளியும் மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால், கசிந்த மின்சாரம் மண் வழியாக அங்கே திரும்பிப் போக வழி தேடுகிறது. அந்த வழியில் தடை மிகக் குறைவாக இருந்தால் பெருமளவு மின்சாரம் பாய்ந்து ஃப்யூஸ் உருகும், இணைப்பு அறுபடும், ஆள் பிழைப்பான். எர்த்தின் வேலை மின்சாரத்தைக் குடிப்பதன்று, ஃப்யூஸை உருகச் செய்வது.

மறுநாள் மாலை தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். எர்த் பாதையின் மொத்தத் தடை 2 ஓம் என்றால் 115 ஆம்பியர் பாயும். 15 ஆம்பியர் ஃப்யூஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். தடை 20 ஓம் என்றால் பாய்வது 11.5 ஆம்பியர் மட்டுமே. 15 ஆம்பியர் ஃப்யூஸ் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காது. கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் உடம்பில் ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் நிற்கும். எர்த் வயர் இருக்கிறது, குழி இருக்கிறது, குழாய் இருக்கிறது. எல்லாம் இருந்தும் தொட்டவர் பிழைப்பது உறுதியில்லை.

அண்ணாச்சி வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நம்ம மண்ணு?" என்றார்.

கரிசல் மண்ணைத் தெரியாதவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியாது. ஐப்பசி மழையில் காலை வைத்தால் முழங்கால்வரை இழுத்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது மின்சாரத்துக்கு அதைவிட நல்ல வழி அரிது. சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஆட்டுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு. சுருங்கும் மண் குழாயைவிட்டு விலகி நிற்கும். உலோகத்துக்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகும். மழைக்காலத்தில் 2 ஓம் காட்டிய குழி கோடையில் எத்தனை காட்டும் என்று யார் அளந்து பார்த்தார்கள்? புத்தகம் சொல்லும் குழாய் எர்த், இரண்டரை மீட்டர் நீள இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்ட அடுக்கு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல். அந்தப் புனல் எதற்கு என்ற கேள்விக்கு மதிப்பெண் உண்டு. எங்கள் ஊரில் புனல் வைத்த வீடே அபூர்வம். வைத்த வீட்டிலும் அதில் தண்ணீர் ஊற்றுவோர் இல்லை. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று உள்ளே, தூத்துக்குடி உப்பளப் பக்கம் போனால் தலைகீழ். அங்கே மண்ணில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு, எர்த் எளிதாகக் கிடைக்கும். குழாய்தான் சீக்கிரம் அரித்துப்போகும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மண், இரண்டு விதமான ஆபத்து.

அண்ணாச்சியின் கை இதை ஓரளவு அறிந்தே இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. அவர் எப்போதும் அங்கணத்துத் தண்ணீர் போய் விழும் பக்கமாகத்தான் எர்த் குழி தோண்டுவார். ஏன் என்று கேட்டால், "எங்க வாத்தியார் அப்படித்தான் தோண்டுவாரு" என்பார். வாத்தியாருக்கு யாரோ சொன்ன காரணம் வழியில் எங்கேயோ உதிர்ந்து, பழக்கம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. காரணம் உதிர்ந்ததால்தான், இப்போது அங்கணத் தண்ணீரைச் சிமெண்டுக் குழாயில் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோகும் புது வீடுகளிலும் அதே மூலையில் குழி தோண்டிக்கொண்டிருந்தார், வறண்ட மண்ணில்.

கோடையிலும் காப்பாற்றுவதற்கென்று வந்த கருவி, ஊரில் 'டிரிப்பர்' என்கிறார்களே, அது. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே இணைப்பை அறுத்துவிடும். மண்ணின் தடை 20 ஓமாக இருந்தாலும் அதற்கு அக்கறையில்லை. அண்ணாச்சி அதைச் சில வீடுகளில் மாட்டியிருக்கிறார்; அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர்கள் குறைபட்டதும் கழற்றியும் கொடுத்திருக்கிறார். கசிவு எங்கே என்று தேடுவதைவிடக் கழற்றுவது மலிவு. 500 வோல்ட் மெகர் வைத்து மின்காப்பைச் சோதித்து 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தபின்பே இணைப்புத் தர வேண்டும் என்பது பழைய விதி. மெகர் கருவியை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் எலக்ட்ரீசியன் தேர்வுக்கு விதிநூலைத் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதலாம். அங்கே 1897இல் முதலில் வெளிவந்து, இப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் பெருநூல் அது. மனப்பாடம் செய்வது மனித காரியமன்று. விதியைத் தேடி எடுக்கத் தெரிகிறதா என்பதே அங்கே சோதனை. எனக்கு அது உகந்த முறையாகப் படுகிறது. அண்ணாச்சிக்குத் தமிழில் அப்படித் திறந்து பார்க்க ஒரு நூல் வேண்டும். நம்முடைய தேசிய மின்விதித் தொகுப்பும் வயரிங் நடைமுறைத் தரமும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டியவர் கரிசலில் குழி தோண்டுகிறார். நிறங்களைக்கூட ஊருக்கு ஊர் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. நமக்குக் கறுப்பு நியூட்ரல். அமெரிக்காவில் கறுப்பில்தான் மின்சாரம் ஓடும். நமக்கு நீலம் ஒரு ஃபேஸ். அந்த நிறமுறையை நமக்குக் கொடுத்துப் போன பிரிட்டனில் 2006 முதல் புது வேலைகளுக்கு நீலமே நியூட்ரல். "அப்போ வெளிநாட்டுக்குப் போற பயலுவளுக்கு இதை மொதல்ல சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

தூத்துக்குடியில் தேர்வு எழுதிவிட்டு வந்தார். எர்த் பற்றிக் கேட்டார்களாம்; மண் குடிக்கும் என்று எழுதவில்லையாம். முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையில் பங்குனி பிறந்து வெயில் ஏறிவிட்டது. அண்ணாச்சி, கையாள் பையனை ஒரு குடத்தோடு கூட்டிக்கொண்டு, தாம் எர்த் போட்ட வீடுகளுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார். பல வீடுகளில் குழியின் மேல் தளம் போட்டு மூடிவிட்டார்கள். எங்கள் எதிர்வீட்டில் நேற்று அதன்பொருட்டுச் சிறு வாக்குவாதம். தளத்தை உடைக்க வீட்டுக்கார அம்மாளுக்குச் சம்மதமில்லை. டிரிப்பராவது மாட்டுங்கள் என்று இவர் நின்றார். விலை கேட்டிருக்கிறார்கள். நாளை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.