355 கிலோமீட்டர்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்; மதுரை விமான நிலையம் சென்னையிலிருந்து இதைவிட அறுபது கிலோமீட்டர் அளவு கூடுதல் தொலைவில் இருக்கிறது என்பதை நிலப்படத்தில் அளந்து பாராதவர் எளிதில் நம்பமாட்டார். வான்வழித் தூரம் என்பது உருண்டையான புவிப்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். இதனைப் பெருவட்டத் தூரம் என்பர். நெடும்பயணங்களில் இக்கோடு தட்டையான படத்தில் வில்லாக வளைந்து தோன்றும். இங்கோ இரு நகரங்களும் கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையை ஒட்டியே அமைந்திருப்பதால், தெற்கு நோக்கி நேராக ஒரு கோடு இழுத்தாலே போதும்.

இத்தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 என்னும் உந்துசுழலி விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. அக்கணக்கின்படி முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும். ஆனால் கால அட்டவணை ஒன்றேகால் மணி நேரமோ அதற்கு மேலோ காட்டுகிறது. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்கும் கணம் முதல், சேருமிடத்தில் முழுதாக நிற்கும் கணம் வரையுள்ள நேரமே அட்டவணையில் இடம்பெறுவது; தொழில்வழக்கில் இது பிளாக் டைம் எனப்படும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், வேகம் தணித்து இறங்குவதும் இதில் அடக்கம். ஆகவே, தூரம் குறையக் குறையப் பறப்பதல்லாத வேலைகளின் பங்கு பெருகுகிறது. குறும்பயணத்தை வேகத்தால் வகுத்துக் கணக்கிடுபவர் ஏமாறுவது இதனால்தான்.

இவையெல்லாம் நேர்வழி திறந்திருக்கும்போது பொருந்துபவை. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் விமான நிறுவனத்தின் முதற்பயணம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்கு வந்தது. அதாவது அந்நாளில் யாழ்ப்பாணம் வழியில் இருந்த ஊர். இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் பலாலிக்கும் இந்தியாவுக்கும் இடையே பயணிகள் சேவை இல்லாமற் போனபின், யாழ்ப்பாணத்தார் முதலில் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து தம் ஊரையும் தாண்டி வடக்கே பறக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர், அங்கிருந்து சென்னை சுமார் 645. 355 கிலோமீட்டருக்குப் பதிலாக 935. சாலையின் வளைவுகளும் சோதனைச் சாவடிகளில் கழிந்த பொழுதுகளும் இக்கூட்டலுக்கு வெளியே நிற்பவை. 2019 நவம்பரில் நேரடிச் சேவை மீண்டது. சில மாதங்களிலேயே கொரோனாப் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கிற்று.

கடிகாரமும் சில ஆண்டுகள் இக்கணக்கில் குறுக்கிட்டது. 1996-இல் இலங்கை தன் நேரத்தை இந்திய நேரத்திலிருந்து முன்தள்ளியது. முதலில் ஒரு மணி நேரம் இருந்த வேறுபாடு அவ்வாண்டிலேயே அரை மணியாகக் குறைந்து, 2006 ஏப்ரல் வரை நீடித்தது. அக்காலத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம் பறந்தவருக்கு அட்டவணை இரண்டு மணி நேரம் காட்டிற்று. திரும்புகையில் ஒரு மணி நேரம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ புதிய நேரத்தை ஏற்காமல் பழையதையே வைத்திருந்தன. எனவே கொழும்பிலிருந்து தரைவழியே அவர்கள் வசமிருந்த வன்னிக்குள் நுழைந்தவர், நாட்டின் எல்லையைக் கடக்காமலே, தம் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்பினார்.