மடிப்பும் கசங்கலும்

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது எம்மவர் நாவிலே நெடுங்காலமாய்ப் பழகிவரும் முதுமொழி. இதில் வரும் 'கசக்கி' என்னுஞ் சொல் துவைத்தலைக் குறிக்கும். கந்தையை உடுப்பவரும் அதனைத் தூய்மை செய்தே உடுத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆயின், அச்சொல்லோடு உறவுடைய 'கசங்கல்' என்னுஞ் சொல்லோ உடையின் குறையைச் சுட்டி நிற்கிறது. கசக்கிய துணியை உலகம் மதிக்கும். கசங்கிய துணியை மதியாது. ஒருவர் எவ்வளவு தூய்மையாகத் துவைத்து உடுத்தி வந்தாலும், அவருடைய மேற்சட்டையிலே நாலு சுருக்கங்கள் தென்படுமாயின், அவரைப் பற்றிய எண்ணம் பார்ப்பவர் மனத்திலே ஒரு படி இறங்கிவிடுகிறது.

விழாவிற்கும், ஆய்வரங்கிற்கும், நேர்முகத் தேர்விற்கும் உரிய உடைகளைத் தொலைவிடத்திற்குக் கசங்காமல் எடுத்துச் செல்லுதல் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன். பல்கலைக்கழகத் தமிழ் ஏடொன்றிற்கு இது மிகச் சிறிய பொருள் என்று சிலர் நகைக்கக்கூடும். 1942 இல் கொழும்பிலே தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் 1952 இல் பேராதனைக்கு மாறிய நாள் தொட்டு, இத்தீவின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் மாணவர்கள் பெட்டியும் பையுமாக இங்கு வந்துகொண்டே இருக்கின்றனர். கண்டியிலிருந்து வருபவருக்கு இது சிறிய பொருளாகலாம். பூநகரியிலிருந்து வரும் எனக்கு அவ்வாறன்று.

முதலிலே மடிப்பையும் கசங்கலையும் பிரித்தறிதல் வேண்டும். இரண்டும் துணியில் விழும் கோடுகளே. எனினும் மடிப்பு நாம் தெரிந்து இட்ட கோடு. கசங்கல் நம்மைக் கேளாமல் விழுந்த கோடு. புதுவேட்டி உடுத்தி வருபவரின் வேட்டியிலே மடிப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிவதை எவரும் குறையாகக் கொள்வதில்லை. 'மடிப்புக் கலையாத வேட்டி' என்று அதனைப் பாராட்டவே செய்கிறோம். ஆகவே, உடையைப் பயணத்திற்கு ஆயத்தஞ் செய்யும் கலை, கோடே விழாமற் காக்கும் கலையன்று. கோடு எங்கே விழவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்குங் கலை. என் அம்மம்மா இதனை ஒரு வரியிலே சொல்லிவிடுவார். விடுமுறை முடிந்து நான் பை அடுக்கும்போதெல்லாம் அருகே அமர்ந்து, "மடிப்பை நீ வை, பிள்ளை. நீ வைக்காட்டில் பஸ் வைச்சுவிடும்" என்பார்.

எம் முன்னோருக்கு இச்சிக்கல் பெரிதாக இருந்ததில்லை. ஆடையைக் குறிக்கும் பழஞ்சொற்களாகிய 'துணி', 'அறுவை' என்பன வெட்டுதல், அறுத்தல் என்னும் பொருளடியாகப் பிறந்தவை. சங்கப் புலவர் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே பெயர் பெற்றிருக்கிறார். தறியிலிருந்து அறுத்தெடுத்த நீள்சதுரத் துண்டே எமது வேட்டி, சேலை, சால்வை யாவும். நீள்சதுரமான துணியை எத்தனை முறை மடித்தாலும் அது மீண்டும் நீள்சதுரமாகவே அமையும். விளிம்போடு விளிம்பு பொருந்தும். தையலுடை வந்த பின்னரே தொல்லை மிகுந்தது. தோளும் கழுத்தும் கையும் கொண்ட மேற்சட்டை, மனித உடலின் வளைவுகளுக்கேற்பத் தைக்கப்பட்டது. வளைவான ஒன்றைத் தட்டையான பெட்டிக்குள் அடக்க முயலும்போது, எஞ்சும் துணி எங்காவது சுருங்கியே தீரும்.

துணி ஏன் கசங்குகிறது என்பதை அறிந்தால் அதனைத் தடுக்கும் வழியும் புலப்படும். பருத்தி இழையானது செலுலோசு எனப்படும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனது. அச்சங்கிலிகள் ஐதரசன் பிணைப்புக்களால் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஈரமும் வெப்பமும் சேரும்போது அந்தப் பிடி தளர்கிறது; சங்கிலிகள் சற்றே இடம் மாறுகின்றன. துணி உலர்ந்து குளிரும்போது, அது எந்நிலையில் இருக்கிறதோ அந்நிலையிலேயே புதிய பிணைப்புக்கள் தோன்றி அதனை நிறுத்திவிடுகின்றன. சிரட்டைக் கரி இட்ட அந்நாளைய ஸ்திரிக்கைப் பெட்டியும் இந்நாளைய மின்னழுத்தியும் செய்வது இதுவே. நெருக்கமான பேருந்திலே, மடிமீது அமுங்கிக் கிடக்கும் பையும் இதனையே செய்கிறது. வெப்பம், ஈரம், அழுத்தம், காலம் என்னும் நான்கும் இரண்டிற்கும் பொது. முன்னையது நாம் விரும்பிய வடிவத்தைப் பதிக்கிறது. பின்னையது தனக்கு வாய்த்த வடிவத்தைப் பதிக்கிறது.

இக்குறையை இழையிலேயே நீக்க முயன்றோர் பலர். 1941 இல் இங்கிலாந்திலே வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் கண்ட பொலியெஸ்ரர் இழை, நீரை மிகச் சிறிதளவே உறிஞ்சும். ஆதலால் எளிதிற் கசங்காது. 1950களில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து அரச விவசாய ஆய்வுகூடத்திலே பணியாற்றிய ரூத் பெனரிற்றோ (1916–2013) என்னும் இரசாயனவியல் அம்மையார், பருத்தியின் சங்கிலிகளை நிலையான குறுக்குப் பிணைப்புக்களால் இணைக்கும் வழிகளை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர். துவைத்து உலர்த்தி அப்படியே உடுக்கக்கூடிய பருத்தியாடை பரவியதற்கு அத்தகைய ஆய்வுகளே காரணம். இருப்பினும், எமது விழாக்களில் இன்னும் பருத்தி வேட்டியும் பட்டுச் சேலையுமே உயர்ந்தனவாகக் கருதப்படுகின்றன. எவை எளிதிற் கசங்குமோ அவற்றையே மரியாதைக்குரிய உடையாகக் கொண்டிருக்கிறோம்.

இனி, வழியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பூநகரி, கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கிலே யாழ்ப்பாணக் கடனீரேரியை அணைந்து கிடக்கும் நிலம். மழையை நம்பி விளையும் மொட்டைக்கறுப்பன் நெல்லும், தென்னையும், மீன்பிடியும், போர்த்துக்கேயர் காலத்துச் சிறு கோட்டையும் எமதூரின் அடையாளங்கள். அங்கே காற்று ஓய்வதில்லை. கடற்காற்றோடு வரும் உப்பிலே மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கும்; அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்பினது. ஆகவே, வெயிலிலே காய்ந்த துணியும் மாலையில் மெல்லிய பிசுபிசுப்போடுதான் கைக்கு வரும். சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே 'பாதை' என்று எம்மவர் அழைத்த மிதவை ஓடிய காலத்திலே, யாழ்ப்பாணம் செல்வோர் அந்த உப்புக்காற்றையும் தாண்டியே சென்றனர். 2011 சனவரியிலே 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்ட பின்னர் வடக்கே செல்லும் வழி எளிதாயிற்று. தெற்கே வருவோரின் வழி அவ்வளவு சுருங்கவில்லை. கிழக்கே பரந்தன் சென்று, ஏ-9 வீதியிலே ஏறி, வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு வர 250 கிலோமீற்றருக்கு மேலாகும். வன்னியின் வெப்பத்தில் அடுக்கிய பை, மலைநாட்டின் ஈரக்குளிரிலே திறக்கப்படுகிறது. துணியின் கண்கொண்டு நோக்கினால், நீண்டநேரம் வைத்து எடுக்கும் ஸ்திரிக்கைப் பெட்டியே அப்பயணம்.

இவ்வழியிலே பல தடவை வந்துபோனதாலும், வீட்டுப் பெரியோரிடமும் விடுதித் தோழியரிடமும் கேட்டறிந்ததாலும் நான் கைக்கொண்டு வருவனவற்றை இங்கே கூறுகின்றேன். முதலாவது, மின்னழுத்தி பட்ட சூட்டோடு எவ்வுடையையும் பைக்குள் வைத்தலாகாது. கொடியிலோ கதிரையிலோ விரித்து, சூடும் ஈரமும் முற்றாக நீங்கிய பின்னரே மடித்தல் வேண்டும். இரண்டாவது, கூரிய மடிப்பைத் தவிர்த்து உருண்ட மடிப்பை ஆக்குதல் வேண்டும். மடிப்பின் உள்ளே சுருட்டிய துவாயையோ பருத்தித் துணியையோ வைத்தால், துணி ஒடியாமல் வளையும். கஞ்சி அதிகம் இட்ட சேலையும் வேட்டியும் மடிந்த இடத்திலே ஆழமாகக் கோடு வாங்கும் என்பதையும் மனங்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது, மடிப்பு மறையுமிடத்தை அறிந்து மடித்தல். மேற்சட்டையைப் பொத்தான் இட்டு, முகங்குப்புற விரித்து, கைகளைப் பின்புறமாகப் படியவைத்து, இடுப்பிற்குக் கீழே ஒரேயொரு மடிப்பு இடலாம். காற்சட்டைக்குள் செருகப்படும் பகுதியிலேதான் அம்மடிப்பு விழும். பிறர் கண்ணிற் படாது. கழுத்துப் பட்டியினுள் சுருட்டிய காலுறையை வைத்தால் அது நசுங்காது. நீளக் காற்சட்டையின் பாதியைப் பைக்கு வெளியே தொங்கவிட்டு, மேற்சட்டையை அதன்மேல் வைத்து, பின்னர் வெளியே உள்ள பாதியை அதன்மீது மடித்துவிட்டால், ஒன்றின் வளைவுக்கு மற்றையது அணையாகும். பட்டுச் சேலையின் சரிகை உட்புறமாக அமைய மடித்து, துவாயொன்றின்மேல் தளர்வாகச் சுற்றுதல் வேண்டும். துணிகள் ஒன்றோடொன்று உராய்வதனாலும் சுருக்கம் உண்டாகும்; நன்கு உலர்ந்த உடையை மெல்லிய பொலித்தீன் உறையிலிட்டால் அது வழுக்கி நகரும். ஈரம் சிறிதேனும் இருந்தால் அவ்வுறையே பகையாகிவிடும்.

நான்காவது, பையை வெற்றிடமின்றி நிரப்பி, திணிக்காமல் மூடுதல். நூல்களும் பாதணிகளும் அடியிலே இருக்கட்டும். அம்மா தந்துவிடும் மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் வேறொரு பையிலே வரட்டும். இறுதியாக, வந்து சேர்ந்தவுடன், எவ்வளவு களைப்பாயினும், உடையை வெளியே எடுத்துத் தொங்கவிடல் வேண்டும். பேராதனையின் ஈரக்காற்று இவ்விடத்திலே எமக்குத் துணை செய்கிறது. மெல்ல ஈரம் ஏற, துணி தன் பாரத்தாலேயே நீண்டு, சிறு சுருக்கங்களை விட்டுவிடும். எஞ்சியவற்றை நனைந்த கையால் நீவலாம். கேத்தலின் ஆவியைத் தள்ளிநின்று காட்டலாம்.

இவையெல்லாம் ஆறுதலாக இருந்து அடுக்கப் பொழுது வாய்த்தவர்களுக்குரியவை. அது வாய்க்காத காலம் ஒன்றையும் எமதூர் கண்டிருக்கிறது. 2008 இல் போர் பூநகரியை நெருங்கியபோது எமது குடும்பமும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தது. அப்போது எனக்கு ஐந்து வயது. பெட்டிகள் பின்தங்கின, உரப்பைகளே உடன் வந்தன. அம்மா தமது கூறைச்சேலையைப் பழைய பருத்திச் சேலையொன்றிலே சுற்றித் தலையணையுறைக்குள் இட்டுக் கொண்டுவந்தார். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு, பின்னர் முகாமிற்கு, அதன்பின் 2010 இல் ஊருக்கு என அது எங்களோடே திரும்பிற்று. விரித்துப் பார்த்தபோது நிறம் கெடவில்லை. ஆயினும் மடிந்திருந்த கோடுகள் நெடுகிலும் சரிகை முறிந்து, பட்டு இழைவிட்டிருந்தது. பட்டும் சரிகையும் ஒரே கோட்டிலே நெடுங்காலம் மடிந்து கிடந்தால் அவ்விடத்திலே ஒடியும் என்பதும், ஆண்டிற்கு இரு முறையாவது எடுத்து மடிப்பை மாற்றவேண்டும் என்பதும் அம்மாவிற்குத் தெரியாதவை அல்ல. மடிப்பை மாற்றுவதற்கு ஒரு பாயளவு உலர்ந்த நிலமும் அமைதியான ஒரு மணிப்பொழுதும் வேண்டும். அவை கிடைக்கவில்லை. அந்தச் சேலையை அம்மா இன்றும் வைத்திருக்கிறார். ஒவ்வோராண்டும் தைப்பொங்கலுக்கு முன்னர் எடுத்துக் காற்றாட விட்டு, முறிந்த கோடுகளைத் தவிர்த்துப் புதிய இடங்களிலே மடித்து வைக்கிறார்.

இதனை நினைக்குந்தோறும், கசங்கிய உடையை ஒருவருடைய குணத்தின் சான்றாகக் கொள்ளும் வழக்கம் எத்துணை பொருந்தாதது என்று தோன்றுகிறது. என் பெரியம்மாவின் மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பிலுள்ள அலுவலகமொன்றிற்கு நேர்முகத் தேர்விற்குச் சென்றார். இரவு முழுவதும் பேருந்திலிருந்து, விடியற்காலையிலே பேருந்து நிலையக் கழிப்பறையில் உடைமாற்றி, நேரத்திற்கு முன்னரே சென்று காத்திருந்தார். அவரிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி அவருடைய சட்டையின் சுருக்கங்களைப் பற்றியதாகவே இருந்தது. "இரவு பஸ்ஸில வந்தனான், சேர்" என்று அண்ணா விடையளித்தார். அவருக்கு அவ்வேலை கிடைக்காமைக்கு அச்சட்டையே காரணம் என்று நான் வாதிட வரவில்லை. அன்று அங்கு வந்தோருள், அரைமணிப் பயணத்தொலைவிலிருந்து வந்த ஒருவரிடம் அக்கேள்வி எழுந்திருக்க வழியில்லை என்பதே என் கருத்து. அச்சுருக்கங்கள் அவருடைய கவனக்குறைவைக் காட்டவில்லை. அவர் கடந்துவந்த தூரத்தையே காட்டின.

ஆதலால் இருசாராருக்கும் ஒவ்வொரு சொல் உண்டு. என்னைப் போன்று தொலைவிலிருந்து வரும் மாணவ நண்பர்கள், உடையை ஒழுங்காக மடிக்கும் இச்சிறு கலையை இகழாது பழகுதல் வேண்டும். அது வீண் ஆடம்பரமன்று. எதிரே இருப்பவருக்கும் எமக்கும் நாம் செய்யும் மரியாதை. உலகம் முதலில் உடையையே பார்க்கிறது என்பது மாறும்வரை, எமது தூரத்தை எமது சட்டை பேசாதிருக்கச் செய்வது அறிவுடைமையே. மற்றைய சொல், நாளை எம்முள்ளே சிலர் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் தேர்வாளராகவும் மேசையின் மறுபுறத்திலே அமரும் நாளுக்குரியது. அன்று எதிரே வந்து நிற்கும் இளைஞரின் சட்டையிலே சுருக்கங்களைக் கண்டால், அவரிடம் முதலில் எந்த ஊரிலிருந்து வந்தீர் என்றும், எத்தனை மணிக்குப் புறப்பட்டீர் என்றும் கேட்போமாக.