முதலில் படி, பிறகு திருத்து

திருவண்ணாமலையில் போளூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாவு மில்லுக்கு மேலே ஒரு மாடி அறை. ஞாயிறு காலையில் அங்கே சிலர் கூடுகிறார்கள். கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கும் மாணவிகள் இருவர், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் ஓர் இளைஞர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். பெயர்ப்பலகை கிடையாது, சம்பளம் கிடையாது. கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளைப் படித்து, அவற்றிலுள்ள எழுத்துப்பிழைகளையும் விடுபட்ட சொற்களையும் திருத்தி அனுப்புவதுதான் அவர்கள் வேலை. அது எப்படி நடக்கிறது என்று உடனிருந்து பார்க்கப் போயிருந்தேன்.

மூத்த மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். ஒரு மென்பொருளை நிறுவும் முறையைச் சொல்லும் பக்கம் அது. கட்டளை ஒன்றின் நடுவே இரண்டு சிறு கோடுகள் வர வேண்டும். பக்கத்தை எழுதியவர் ஏதோ ஒரு சொற்செயலியில் தட்டச்சு செய்திருக்கிறார். அது அந்த இரண்டு கோடுகளையும் தானாகவே ஒரே நீளக்கோடாக மாற்றிவிட்டது.

“கண்ணுக்கு எல்லாம் கோடுதான் சார். ஆனா காப்பி பண்ணி டெர்மினல்ல போட்டா ஓடாது. புதுசா கத்துக்கறவங்க, நமக்குத்தான் புரியலைன்னு நினைச்சுக்குவாங்க” என்றார்.

நேராக இருக்க வேண்டிய மேற்கோள்குறி வளைந்துவிட்டாலும் இதே கதிதான். ‘செய்யாதே’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘செய்’ என்று அச்சாகிவிட்டால், கோப்புகளே அழிந்துபோகலாம். அனுபவம் உள்ளவர் இவற்றைக் கண்டதும் தாமே சரிசெய்துகொண்டு கடந்துவிடுவார். வீட்டிலும் தெருவிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத, கையேட்டை மட்டுமே நம்பிப் படிக்கும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அந்த மாணவி தன் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். எழுத்துப்பிழை சின்ன விஷயம் என்று அவரிடம் யாரும் சொல்லிவிட முடியாது.

அவர்களுடைய வேலைமுறை என்னைக் கவர்ந்தது. பக்கத்தைத் திறந்தவுடன் யாரும் விசைப்பலகையில் கை வைப்பதில்லை. முதலில் முழுப் பக்கத்தையும் படிக்கிறார்கள். அதிலுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பிழை என்று ஏதாவது தோன்றினால், அதே திருத்தத்தை வேறு யாரும் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார்களா என்று தேடுகிறார்கள். பிறகு, அந்த வரி உண்மையில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். பல கையேடுகள் மூலநிரலுக்குள் இருக்கும் குறிப்புகளிலிருந்து தாமாகவே உருவாக்கப்படுபவை. வெளியே தெரியும் பக்கத்தில் திருத்தினால் அடுத்த வெளியீட்டில் பழைய பிழையே திரும்ப வந்து நிற்கும். மூலத்தைத்தான் தொட வேண்டும்.

அதன் பிறகுதான் ‘கிட்’ வருகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் வேலைக்காக எழுதிய இந்தக் கருவி, எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. திருத்துபவர் திட்டத்தின் நகலை எடுத்து, தனிக் கிளையில் மாற்றம் செய்து, ‘கமிட்’ போட்டுப் பதிவு செய்து, ஏற்கக் கோரும் ‘புல் ரிக்வஸ்ட்’ ஆக அனுப்புகிறார். நீக்கிய வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும் தெரியும். திட்டத்தின் பராமரிப்பாளர் அதைப் பார்த்து ஏற்கலாம், கேள்வி கேட்கலாம், மறுக்கலாம். ஜவுளிக்கடை இளைஞர் ஒரே எழுத்தைத்தான் மாற்றியிருந்தார். ஆனால் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்ற குறிப்பை எழுத வெகுநேரம் எடுத்துக்கொண்டார். “அந்தப் பக்கம் இருக்கறவருக்கு நேரமே இருக்காது சார். படிச்ச உடனே புரியணும்” என்றார்.

இதையெல்லாம் இயந்திரம் செய்துவிடாதா என்று கேட்டேன். ஓரளவுக்குச் செய்கிறது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே வழக்கமான எழுத்துப்பிழைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது: தவறான வடிவம், இரண்டு செங்குத்துக் கோடுகள், சரியான வடிவம். ‘கோட்ஸ்பெல்’ என்ற கருவியும் இப்படியொரு பட்டியலைக் கொண்டு கோப்புகளைச் சலித்துத் தருகிறது. ஆனால் பட்டியலுக்குப் பொருள் தெரியாது. ஓர் எடுத்துக்காட்டு. இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வருகிறோம் என்பதை உலாவி ‘ரெஃபரர்’ என்ற தலைப்பில் அனுப்புகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் நடுவே இரண்டு ‘ஆர்’ வர வேண்டும். இணையப் பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையை விவரித்து 1996 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 1945 என்ற எண்ணுள்ள ஆவணத்தில் ஒரே ‘ஆர்’ தான் இருந்தது. அதற்குள் மென்பொருள்கள் அந்த வடிவத்திலேயே எழுதப்பட்டுவிட்டன. இன்றுவரை உலகின் எல்லா உலாவிகளும் அந்தப் பிழையோடுதான் பேசுகின்றன. உரிய நேரத்தில் திருத்தப்படாத ஓர் எழுத்து சட்டமாகிவிட்டது. கையேட்டில் அதைப் பார்த்துவிட்டு அவசரக்காரர் ஒருவர் ‘சரி’ செய்து அனுப்பினால், அதை நம்பி எழுதப்படும் நிரல் வேலை செய்யாது. எதைத் திருத்தக் கூடாது என்று தெரிவதும் இந்தக் கைவேலையில் அடக்கம்.

தமிழ்க் கையேடுகளுக்கு வரும்போது வேலை இன்னும் நுட்பமாகிறது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுத 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும், அது வெளியிட்ட ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் பல மாணவர்களுக்கு முதல் வாசல். பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி அளிக்கிறது. படிக்கிறவர்கள் பெருகும்போது பிழையற்ற பாடமும் பெருக வேண்டும். தமிழாசிரியர் இளமையில் ஈய எழுத்துக் கோக்கும் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். ர, ற மாறுவதும் ஒற்று விடுபடுவதும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஆனால் கணினித் தமிழில் அவர் கண்ணுக்கும் தெரியாத பிழைகள் உண்டு. ‘ஔ’ ஒரே எழுத்து. ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டினாலும் ஏறக்குறைய அப்படியே தெரியும். ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஒன்றும், ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழும் வந்து உட்கார்ந்துவிடும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ நிற்கும். வாசிப்பவர் சரியாகவே வாசித்துவிடுவார். தேடுபொறிக்குக் கிடைக்காது, பார்வையற்றோருக்காகத் திரையை வாசிக்கும் மென்பொருள் தடுமாறும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி பழைய அச்சக வழிதான். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் மூலத்தோடு ஒப்புநோக்குகிறார். இங்கே கணினி உரக்கப் படிக்கிறது, ஆசிரியர் காது கொடுக்கிறார். “நிறுத்தும்மா, அந்த இடத்துல சத்தம் மாறுது” என்றார் ஒருமுறை. இளைய மாணவி அந்தச் சொல்லைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்தார். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் எண் ஏழு இருந்தது. “ஐயா காதுக்கு எந்தக் கருவியும் ஈடில்லை” என்றார் அவர்.

இந்த ஊருக்கு இந்த வேலை புதிதல்ல. 1896இல் இங்கே வந்து, பிறகு வேறெங்கும் போகாத ரமணர், ஆசிரம நூல்களின் மெய்ப்புகளைத் தாமே பார்த்துத் திருத்தியவர் என்று உடனிருந்தவர்களின் நாட்குறிப்புகள் சொல்கின்றன. ஞானி என்று உலகம் வணங்கிய ஒருவர், மற்றவர் எழுதியதன் எழுத்தையும் புள்ளியையும் பொறுமையாகச் சரிபார்த்திருக்கிறார். வாசிக்கப் போகிறவரை மதிப்பவருக்கு இது தாழ்ந்த வேலையாகத் தோன்றாது.

அந்த மதிப்பு இல்லாமல் திருத்தினால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பவர்களை ஊக்குவிக்க ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற அக்டோபர் மாத நிகழ்வு 2014இல் தொடங்கியது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் பரிசு. 2020 அக்டோபர் தொடங்கியதும் வேண்டாத திருத்தங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. முகப்புப் பக்கத்தில் ஒரு பாராட்டுச் சொல்லைச் சேர்ப்பது, சரியான வாக்கியத்தைக் காரணமின்றி மாற்றுவது என்று அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர்கள் கணிசமானவர்கள். அவற்றைத் திறந்து பார்த்து மூடியவர்களில் பலர், ஊதியம் இல்லாமல் உழைக்கும் பராமரிப்பாளர்கள். சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் சேரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. பரிசு கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியராக இருந்த டொனால்ட் கனூத், தம் நூல்களில் பிழை கண்டு சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை தருவதை 2008 வரை வழக்கமாக வைத்திருந்தார். அதை வாங்கியவர்களில் பலர் பெருமையோடு சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் அந்த நூலை வரிவரியாகப் படித்தவர்கள். டி-ஷர்ட்டுக்காக அனுப்பியவர்கள் எதையும் படிக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட ஒரு பங்களிப்பு வேண்டும் என்பதற்காகத் திருத்தம் அனுப்பும் பிள்ளைகளை நான் தவறாக நினைக்கவில்லை. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு உலகத் திட்டங்களுக்குள் நுழையத் திறந்திருக்கும் வாசல்களில் எளியது இதுதான். கல்லூரி ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை திருத்தம் அனுப்பினாய் என்று கேட்காதீர்கள். எந்தக் கையேட்டை முழுதாகப் படித்தாய், எந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்தாய் என்று கேளுங்கள். மாணவர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றின் கையேட்டை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படியுங்கள். எங்கே தடுமாறினீர்களோ அங்கே உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் தடுமாறுவார். அந்த இடத்தைத் திருத்தி அனுப்புங்கள்.